துறைக் குறிப்பு எழுதும் வாசகர்



இலக்கியக் கூட்டங்களில் சிறு கவிதை ஒன்று படிக்கப்பட்டதும் சற்று நேரம் அமைதி நிலவும். பிறகு எவரேனும் ஒருவர் எழுந்து, "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்பார். கேள்வி கவிஞரை நோக்கிச் செல்லும். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் கவிதை சுருங்கும். சொல்ல மறுத்தால் கேட்டவர் முகம் சுருங்கும். இதற்கிடையே பின்வரிசையில் ஒருவர் அமர்ந்திருப்பார். அக்கவிதை அவருடைய வாழ்வில் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டிருக்கும். ஆனால் தாம் கண்ட பொருள் சரியானதுதானா என்னும் ஐயத்தால் அவர் வாய்திறவாமலே வீடு திரும்புவார். அந்தப் பின்வரிசை வாசகரைப் பற்றியதே இவ்வுரை. அவர் கண்டது கவிதையின் பொருளா, அவருடைய சொந்தப் பொருளா? அவருக்குள்ள உரிமை எதுவரை? அவருக்குள்ள கடமை எது? இவையே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினாக்கள்.

இவ்வினாக்களைப் பொதுப்படப் பேசுவதைவிட, புதுக்கவிதை வாசகர் பலரும் அறிந்த ஒரு சிறு கவிதையின் மீது வைத்துப் பார்ப்பது பயன் தரும். பிரமிளின் 'காவியம்' அத்தகையது. பிரமிள் 1939-இல் திருகோணமலையில் பிறந்தவர். தருமு சிவராம் என்னும் பெயரிலும் எழுதியவர். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் வழியே கவிஞராகவும் விமரிசகராகவும் அறியப்பட்டவர். பின்னர் தமிழ்நாட்டுக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, 1997-இல் வேலூரை அடுத்த கரடிக்குடியில் மறைந்தார். அவருடைய நீண்ட கவிதைகளைப் படித்திராதவர்களும் 'காவியம்' என்னும் இச்சிறு கவிதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு சொற்களே கொண்டது அது. ஓர் இறகு, அது அலையும் காற்று, அது எழுதும் எழுத்து, ஒரு பறவை: இவ்வளவே அதன் உலகம். ஒரே வாக்கியம், ஒரே வினைமுற்று. தலைப்பு மட்டும் மிகப் பெரிது.

இக்கவிதையை மூவர் படிப்பதாகக் கொள்ளலாம். முதலாமவர் 1983 கலவரத்துக்குப்பின் ஈழத்தைவிட்டு வெளியேறி வேற்றூரில் வாழ்பவர். அவருக்கு அந்த இறகு, பிறந்த மண்ணிலிருந்து பிரிந்த உயிர். இரண்டாமவர் அண்மையில் தந்தையை இழந்த பெண். பழைய பெட்டியில் கிடைத்த கணக்கு நோட்டில் தந்தையின் கையெழுத்தைக் கண்டவர். அவருக்கு அந்த இறகு, போனவர் விட்டுச் சென்ற எச்சம். மூன்றாமவர் கவிஞர். இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய பழைய பேனா அவர் நினைவுக்கு வருகிறது. அவருக்கு அக்கவிதை, எழுத்து என்னும் தொழிலைப் பற்றியே பேசுகிறது. மூவருள் எவரும் கவிதையில் இல்லாத சொல் ஒன்றைச் சேர்க்கவில்லை. இருக்கும் சொல் ஒன்றை நீக்கவுமில்லை. ஆயினும் மூவர் கைகளிலும் இருப்பது ஒரே கவிதையா என்னும் மலைப்பு எழத்தான் செய்கிறது.

இம்மலைப்பு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றுள் மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி முதலியவை கண்ணுக்கும் செவிக்கும் புலனாகுபவை. ஆனால் எச்சம், முன்னம், நோக்கு ஆகிய மூன்றும் படிப்பவரின் துணையின்றி நிறைவு பெறாதவை. செய்யுளில் சொல்லாமல் விடப்பட்டு, சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ளப்படுவது எச்சம். இவ்விடத்தில், இக்காலத்தில், இன்னார் இன்னாருக்குச் சொல்வது இது என்று உணர்ந்துகொள்ளச் செய்வது முன்னம். தொடக்கம் முதல் முடிவுவரை எதையும் தாண்டிச் செல்லவிடாமல் படிப்பவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் செய்வது நோக்கு. கவிதையில் விடப்பட்ட வெற்றிடமும், அவ்விடத்தை நிரப்பும் சூழலும், நிரப்பியது பொருந்துகிறதா என்று பார்க்கும் பார்வையும் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணப்பட்டன என்பது கருதத்தக்கது. ஆகவே, வாசகர் கவிதைக்கு வெளியே நிற்பவர் அல்லர்; கவிதையின் சில உறுப்புகள் அவரிடத்தில்தான் இயங்குகின்றன.

இதைக் குறுந்தொகை தெளிவாகக் காட்டுகிறது. நான்கு முதல் எட்டு அடிவரை அமைந்த பாடல்களைக் கொண்ட அத்தொகையில், இயற்பெயர் மறைந்துபோன புலவர் பலர் உளர். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், குப்பைக் கோழியார் என்றெல்லாம் அவர்களுக்கு வழங்கும் பெயர்கள் அவரவர் பாடலில் பயின்ற தொடராலும் உவமையாலும் அமைந்தவை. புலவர் யார் என்பது மறந்துபோயிற்று. படித்தவர் மனத்தில் பதிந்த ஒரு காட்சி அவருக்குப் பெயராயிற்று. ஒரு கவிதையில் வாசகருக்கு உள்ள பங்கினை இதைவிட எளிதாக விளக்கும் சான்று அரிது.

அவ்வரிசையில் நிற்பவர் செம்புலப்பெயனீரார். குறுந்தொகையின் 40-ஆம் பாடல் அவருடையது. முன்பின் அறியாத இருவர் மனம் ஒன்றானதைச் செம்மண்ணில் பெய்த மழைநீரோடு ஒப்பிடும் அப்பாடல், இன்று திருமண அழைப்பிதழ்களில் அச்சாகிறது. குலமும் உறவும் பாராமல் மணந்துகொள்ளும் இளையோர் அதைத் தங்கள் பாடலாகவே கொள்கின்றனர். ஆனால் ஏட்டில் அப்பாடலோடு வரும் துறைக் குறிப்பு வேறொரு சூழலைச் சொல்கிறது. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சினாள். அவளுடைய குறிப்பு வேறுபாட்டைக் கண்டு அவன் தேற்றியது இது என்பது அதன் கருத்து. அச்சம் என்னும் சொல்லோ, பிரிவு என்னும் சொல்லோ பாடலில் இல்லை. குறிப்புதான் அவற்றைக் கொண்டுவருகிறது.

அக்குறிப்பை எழுதியவர் யார்? புலவரே எழுதியதன்று; தொகுத்தவரோ பின்வந்தவரோ சேர்த்தது என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. அவ்வாறாயின் துறைக் குறிப்பு என்பது ஒரு வாசகர் எழுதியது. அவர் பாடலைப் படித்தார். யார் யாரிடம் எப்போது சொன்னால் இச்சொற்கள் முழு உயிர் பெறும் என்று எண்ணினார். அச்சூழலை ஒரு வரியில் எழுதிவைத்தார். இன்று அழைப்பிதழில் அப்பாடலை அச்சிடும் மணமக்கள் செய்வதும் அதுவே. அவர்களும் ஒரு துறைக் குறிப்பு எழுதுகிறார்கள். தங்கள் பெயர்களைக் கொண்டே எழுதுகிறார்கள்.

பழைய குறிப்புக்கும் புதிய குறிப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சங்கப் பாடலைக் கேட்டவர்களுக்குத் திணையும் துறையும் பொதுச் சொத்து. முல்லை என்றதும் இருத்தலும், நெய்தல் என்றதும் இரங்கலும் அவர்கள் நெஞ்சில் தாமே எழும். கவிஞர் சொல்லாமல் விட்டதை நிரப்புவதற்கான பொருள்கள் ஊர்ப் பொதுவில் இருந்தன. புதுக்கவிதைக்கு அப்பொதுச் சொத்து இல்லை. 'எழுத்து' காலத்திலிருந்து கவிதை யாப்பைத் துறந்தது என்பது பலரும் பேசிய செய்தி. அதனினும் பெரிய துறவு, அது துறையைத் துறந்தது. பேசுபவர் தலைவனா தோழியா, கேட்பவர் யார், பொழுது எது என்று சொல்ல எவருமில்லை. அதனால்தான் முதன்முதலில் படித்தவர்கள் 'புரியவில்லை' என்றார்கள். சொற்கள் புரியாமல் போகவில்லை. முன்னம் கிட்டாமல் போயிற்று. பொதுச் சொத்து இல்லாத இடத்தில் வாசகர் தம் சொந்தச் சேமிப்பைத்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. இழந்த தந்தை, விட்டுவந்த ஊர், செய்துவரும் தொழில் என்று ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதைக் கொண்டு துறைக் குறிப்பு எழுதுகிறார்கள். புதுக்கவிதையில் வாசகரின் சொந்த அனுபவம் இத்துணை இன்றியமையாததாக ஆனதற்கு இதுவே காரணம் எனலாம்.

அப்படியானால் கவிஞரே குறிப்பு எழுதித் தந்துவிடலாகாதா என்று கேட்கத் தோன்றும். இதற்கு அமெரிக்கக் கவிதை வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சி விடை தருகிறது. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரதர்ஃபோர்டு என்னும் ஊரில் மருத்துவராகத் தொழில் செய்தவர். 1923-இல் வெளிவந்த அவருடைய நூலில் தலைப்பின்றி, எண் மட்டும் இட்டு அச்சான ஒரு கவிதை உண்டு. ஆங்கிலத்தில் பதினாறே சொற்கள். மழையில் நனைந்த சிவப்புத் தள்ளுவண்டி ஒன்றும், அதன் அருகே வெள்ளைக் கோழிகளும் அதில் உள்ளன. அவ்வண்டிக்குப் பெரும் முக்கியத்துவம் உண்டு என்று கவிதை தொடக்கத்திலேயே உணர்த்துகிறது. ஏன் என்று கடைசிவரை சொல்வதில்லை.

அந்த 'ஏன்' வாசகர்களை விடவில்லை. கவிஞர் மருத்துவர் என்பது தெரிந்ததால், நோயுற்ற ஒரு குழந்தையின் படுக்கையருகே கவலையோடு நின்றபோது சன்னல் வழியே கண்ட காட்சி இது என்றொரு கதை பரவிற்று. கவிதையில் குழந்தையும் இல்லை, சன்னலும் இல்லை. வாசகர்கள் எழுதிக்கொண்ட துறைக் குறிப்பு அது. பின்னர் 1954-இல் வில்லியம்ஸ் தாமே வேறொன்று சொன்னார். மார்ஷல் என்னும் கறுப்பின முதியவர் ஒருவரிடம் கொண்ட அன்பிலிருந்து அக்கவிதை பிறந்தது என்றும், அவர் முன்பு மீன்பிடித் தொழில் செய்தவர் என்றும், அவர் வீட்டுப் புழக்கடையில் வண்டியையும் கோழிகளையும் கண்டதாகவும் எழுதினார். அந்த முதியவர் இன்னார் என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைக் கொண்டு கண்டறிந்தனர். நெடுங்காலம் அடையாளமின்றிக் கிடந்த அவருடைய கல்லறையில் 2015-இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது.

கவிஞரின் குறிப்பு கிடைத்துவிட்டது. அதனால் கவிதை முடிந்துபோயிற்றா? இல்லை. உழைத்து வாழும் ஒரு முதியவருக்குத் தள்ளுவண்டி எவ்வளவு பெரிய துணை என்று எண்ணுகையில் கவிதைக்குப் புதியதோர் ஆழம் கிட்டுகிறது. ஆனால் கவிஞர் அம்முதியவரைக் கவிதைக்குள் வைக்கவில்லை. மார்ஷலின் பெயரைச் சொல்லியிருந்தால் அது ஒருவருடைய வண்டியாகியிருக்கும். சொல்லாமல் விட்டதால், எளிய பொருள் ஒன்றை நம்பிப் பிழைத்தவர் எவராயினும் அதனருகே நிற்க முடிகிறது. தையல் இயந்திரம் ஒன்றால் குடும்பத்தைக் காத்த தாயின் மகன் அக்கவிதையைப் படித்தால், அவனுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. கவிஞரின் குறிப்பும் இனிக் குறிப்புகளுள் ஒன்று; மதிப்புமிக்க ஒன்று; முடிந்த முடிபு அன்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கவிஞரின் வாழ்க்கைச் செய்தி சில வேளைகளில் ஏனைய எல்லாக் குறிப்புகளையும் விழுங்கிவிடும். ஆத்மாநாம் 1951-இல் பிறந்தவர். 1978-இல் தொடங்கப்பட்ட 'ழ' இதழை நடத்தியவர். 1981-இல் 'காகிதத்தில் ஒரு கோடு' என்னும் தொகுப்பைத் தந்தவர். 1984-இல், 33-ஆம் அகவையில், தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார். அதன்பிறகு அவர் கவிதைகளைக் கையிலெடுக்கும் வாசகர் பலர், ஒவ்வொரு வரியிலும் அந்த முடிவின் நிழலையே தேடுகின்றனர். அவருடைய எள்ளலும், விளையாட்டும், சமூகத்தின் மீதான சினமும், உயிர்கள்பால் கொண்ட பரிவும் அத்தேடலில் பின்னே தள்ளப்படுகின்றன. சாவு தந்த துறைக் குறிப்பு கவிதைகளின் மேல் கல்லாகக் கிடக்கிறது. அதைப் புரட்டி அப்பால் வைத்துவிட்டு, சொற்களிலிருந்து தொடங்குவதே அக்கவிஞருக்குச் செய்யும் நியாயம்.

இவ்வளவும் வாசகரின் உரிமையைச் சொன்னது. கடமையைச் சொல்வதற்கு மீண்டும் 'காவியம்' துணை செய்யும். முன்னர்ச் சொன்ன மூவரோடு நான்காமவர் ஒருவர் வருகிறார் எனக் கொள்ளலாம். கூட்டுக் குடும்பத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி, நகரத்தில் தம் விருப்பப்படி வாழும் இளைஞர் அவர். 'இறகு விடுதலை பெற்றுவிட்டது. இனி அதற்குப் பறவை தேவையில்லை. இது விடுதலையின் கவிதை' என்கிறார். குறிப்பு சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்கு என்னும் உறுப்பு இங்கே அவரை நிறுத்துகிறது. விடுபட்ட இறகு எழுதுவது எதைப் பற்றி? தன் கதையை அது எழுதவில்லை. பறவையின் கதையையே எழுதுகிறது. இளைஞர் இதைத் தாண்டிச் சென்றால், அவர் படித்தது தம் மனத்தைத்தான். தாண்டாமல் நின்றால் கவிதை அவரிடம் ஒன்றைக் கேட்கத் தொடங்கும்: 'நீ விலகி வந்தது உண்மை, ஆனால் உன் பேச்சிலும் நடையிலும் எந்த வீட்டின் கதை எழுதப்படுகிறது?' அக்கேள்வி அவருக்கு உவப்பாக இராது. ஆனால் அதன்பின் அவர் கொண்டுபோகும் பொருள், கொண்டுவந்த பொருளைவிடப் பெரியதாக இருக்கும்.

தந்தையை இழந்த பெண்ணுக்கும் இதுவே நேர்கிறது. அவர் துயரத்தோடு வருகிறார். கவிதையில் துயரத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதை இரண்டாம் வாசிப்பில் காண்கிறார். இறகு அழவில்லை, ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கிறது. அச்செயலைக் குறிக்கும் வினைமுற்று நிகழ்காலத்தில் நிற்கிறது. எழுதப்படும் இடத்துக்கும் முடிவு சொல்லப்படவில்லை. போனவரின் கதை முடிந்துவிட்டது என்று எண்ணி வந்தவருக்கு, அது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று இலக்கணமே சொல்கிறது. ஈழத்தவரோ, பறவைக்கு முன்னால் உள்ள 'ஒரு' என்னும் சிறு சொல்லில் தடுக்கி நிற்கிறார். இன்ன பறவை என்று கவிதை சுட்டவில்லை. தம்முடைய பிரிவு தம்முடையது மட்டுமன்று என்று அவருக்குத் தோன்றுகிறது. எழுத்துத் தொழிலையே கண்ட கவிஞர் தலைப்புக்குத் திரும்புகிறார். ஆயிரக்கணக்கான பாடல்களால் ஆகும் காவியம் என்னும் பெயரை இத்துணைச் சிறு கவிதைக்குச் சூட்டிய துணிவு அவரைச் சுடுகிறது. தாம் எழுதிக் குவித்ததை எண்ணி அவர் தலைகுனியவும் கூடும்.

நால்வரும் தத்தம் வாழ்வைக் கொண்டுவந்தே கவிதையைத் திறந்தார்கள். வேறு திறவுகோல் எவரிடமும் இல்லை. ஆனால் கொண்டுவந்ததை அப்படியே திருப்பி எடுத்துச் செல்ல ஒருவரையும் கவிதை விடவில்லை. சொந்தப் பொருள் காண்பதற்கும் சொந்த விருப்பத்தை ஏற்றிச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. படித்தவரிடம் கவிதை எதையும் மாற்றவில்லையானால், அங்கு வாசிப்பு நிகழவில்லை. கண்ணாடி பார்த்தல் நிகழ்ந்திருக்கிறது.

இதிலிருந்து இலக்கிய வட்டங்கள் மேற்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று புலப்படுகிறது. கவிதை படிக்கப்பட்டதும் 'என்ன பொருள்?' என்று கவிஞரைக் கேட்பதை விட்டு, 'இச்சொற்கள் யாருக்கு, எந்தப் பொழுதில் சொல்லப்பட்டனவாகத் தோன்றுகின்றன?' என்று ஒருவரையொருவர் கேட்கலாம். ஒவ்வொருவரும் தம் துறைக் குறிப்பைக் கூச்சமின்றிச் சொல்லலாம். சொன்னபின், அக்குறிப்பைக் கவிதையின் ஒவ்வொரு சொல்லின் மீதும் வைத்துப் பார்க்கும்படி மற்றவர்கள் அன்போடு கேட்கலாம். எந்தச் சொல்லில் குறிப்பு தட்டுகிறதோ அந்தச் சொல்லில்தான் கவிதை பேசத் தொடங்குகிறது. அவ்விடத்தைத் தனியாக இருக்கும் வாசகர் எளிதில் தாண்டிவிடுவார். பத்துப் பேர் கூடிய அவையில் தாண்ட விடமாட்டார்கள். வட்டம் என்று ஒன்று வேண்டியிருப்பதன் பயன் அதுவே.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வாசகர் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்னும் அச்சத்தால் கடைசி வரியில் பொருளைச் சொல்லி முடிக்கும் பழக்கம் சிறு கவிதைகளில் மலிந்திருக்கிறது. அந்தக் கடைசி வரி, வாசகர் அமர வேண்டிய இருக்கையில் கவிஞரே அமர்ந்துகொள்வது போன்றது. அதை எடுத்துவிட்டால் கவிதை நிற்குமா என்று பார்ப்பது நல்லது. நிற்காவிடில் முன்வரிகளில் குறை இருக்கிறது. நின்றால் அந்த வரி தேவையில்லை.

செம்மண்ணையும் மழைநீரையும் பாடியவரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. அவர் எந்தப் பெண்ணை எண்ணிப் பாடினார் என்பதும் தெரியாது. யாரோ ஒருவர் ஒரு வரியில் எழுதிவைத்த குறிப்போடு பாடல் நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. இன்று முன்பின் அறியாத இருவர் தம் பெயர்களை அதன்கீழ் அச்சிட்டுக்கொள்கின்றனர். பாடலை உயிரோடு வைத்திருப்பது அவர்களைப் போன்றவர்களே. ஆகவே பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து, தமக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். அது பொருந்தலாம், ஒரு சொல்லில் தட்டலாம். எப்படியாயினும், அவர் சொல்லாமல் போனால் அக்கவிதைக்கு எழுதப்பட வேண்டிய துறைக் குறிப்புகளுள் ஒன்று எழுதப்படாமலே போய்விடும்.